கேள்வி – பதில்: உறைந்த கலத்துக்குள் புரதத்தின் வடிவம்

தாழ்வெப்ப இலத்திரன் டொமோகிராபி பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கலத்தையோ வைரசையோ திரவ எதேனில் முக்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைய வைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குள் பல கோணங்களில் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து, அவற்றிலிருந்து ஒரு முப்பரிமாணக் கனவளவைக் கணினியில் கட்டுவதுதான் இந்த முறை. அந்தக் கனவளவுக்குப் பெயர் டொமோகிராம். அதில் ஒரே புரதம் கிடக்கும் இடங்களையெல்லாம் வெட்டியெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் புரதத்தின் வடிவம் தெளியும். இது தொடர்பாக மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பதில்களில் வரும் ஆங்ஸ்ட்ரோம் என்பது நனோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. பிரிவலு என்பது எவ்வளவு சிறிய விவரம்வரை பிரித்தறியலாம் என்ற அளவு, எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும். தனித்துகள் முறை என்பது தூய்மையாக்கிய புரதத்தின் ஏராளமான பிரதிகளைச் சாய்க்காமல் படமெடுத்துச் சராசரி எடுப்பது.

உயிரியல் மாணவி, வந்தாறுமூலை: தனித்துகள் முறையில் 1.2 ஆங்ஸ்ட்ரோம் வரை போய்விட்டார்கள். டொமோகிராபியில் 3.5 வந்தாலே பெரிதாகப் பேசுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

1.2 ஆங்ஸ்ட்ரோம் 2020இல் கிடைத்தது, அதுவும் அப்போஃபெரிட்டின் என்ற புரதத்துக்கு. தூய்மையாக்கிய புரதம், ஒரேமாதிரியான 24 அலகுகள், வளைந்து கொடுக்காத உடம்பு. இதைவிட வசதியான மாதிரி கிடைக்காது. டொமோகிராபிக்கு வரும் புரதமோ கலத்தின் நெரிசலுக்குள் நிற்கிறது. மேலும் கீழும் வேறு மூலக்கூறுகள், பக்கத்தில் மென்சவ்வு. பெரும்பாலும் ஒரு கலத்தில் அதன் பிரதிகள் சில நூறுதான் அகப்படும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 3.5 ஆங்ஸ்ட்ரோம் என்பது டொமோகிராமின் பிரிவலு அல்ல, சராசரியின் பிரிவலு. தனியொரு டொமோகிராமை எடுத்துப் பார்த்தால் இரைச்சலுக்குள் சில நனோமீற்றர் அளவான உருவங்கள்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பிரதிகளைச் சேர்த்த பிறகே 8, 9 ஆங்ஸ்ட்ரோமில் புரதச் சங்கிலி சுருண்டிருக்கும் அல்ஃபா சுருள்கள் குழாய்களாகத் தெரியத் தொடங்கும். 5ஐ விடக் கீழே போனால், சங்கிலி நீண்டு பக்கம் பக்கமாகக் கிடக்கும் பீற்றா இழைகள் பிரியும். 3.5 அளவில் பெரிய அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் தென்படும்.

2021இல் மைக்கோபிளாஸ்மா நியூமோனியே பற்றீரியாவின் கலத்துக்குள்ளேயே இரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ரோமில் பார்த்தார்கள். குளோரம்பெனிக்கோல் மருந்து போய் ஒட்டியிருந்த இடமும் அதில் தெரிந்தது. கலத்தை உடைக்காமல் மருந்தை அதன் இடத்திலேயே பார்ப்பதுதான் இங்கே பெறுமதி. உங்கள் புரதத்தைத் தூய்மையாக்கலாம், வெளியே எடுத்தாலும் அதன் வடிவம் கெடாது என்றால் தனித்துகள் முறையே போதும். டொமோகிராபியை நாடுவது வீண் செலவு.

கால்நடை வைத்திய அலுவலக உத்தியோகத்தர், பட்டிப்பளை: செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான விந்துக் குழாய்களைத் திரவ நைதரசனில்தான் வைத்திருக்கிறோம். மாதிரியையும் அதே நைதரசனில் முக்கினால் போதாதா? எதற்காக எதேன்?

போதாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் இடையில் உண்டாகும் நீராவிப் படலம்தான் அதைத் தாங்குகிறது. அறைவெப்பநிலையில் இருக்கும் மாதிரி −196 பாகையில் கொதித்துக்கொண்டிருக்கும் நைதரசனில் பட்டதும் அதே மாதிரி ஒரு வாயுப் படலம் சுற்றிக்கொள்கிறது, வெப்பம் வெளியேற வழியில்லை. எதேன் −183 முதல் −89 பாகை வரை திரவமாகவே நிற்கும். ஆகவே கொதிக்காமல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். நைதரசன் இங்கே எதேனைக் குளிராக்க மட்டும்தான்.

உங்கள் குழாயிலும் வேகம் முக்கியந்தான், ஆனால் நோக்கம் வேறு. 0.25 மில்லிலீற்றர் விந்தில் கிளிசரோல் சேர்த்து நைதரசன் ஆவியில் நிமிடக்கணக்கில் குளிர வைக்கிறார்கள். கலத்துக்கு வெளியே பனிப்பளிங்கு உண்டாகத்தான் செய்யும். உருக்கும்போது விந்தணு நீந்தினால் அது வெற்றி. புரதத்தின் வடிவம் பார்ப்பவருக்கு ஒரு பளிங்குகூட ஆகாது. பளிங்கு வளரும்போது உப்பை ஒதுக்கித் தள்ளும், புரதத்தை நெரிக்கும், இலத்திரன் கற்றையையும் சிதறடிக்கும். நீர் பளிங்காக ஒழுங்குபட நேரமே கிடைக்காமல் கண்ணாடி நிலையில் இறுகுவதற்கு விநாடிக்கு இலட்சம் பாகை என்ற வேகத்திலாவது வெப்பம் இறங்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பேர்க்கில் ஜாக் டுபோஷே குழுவினர் இதைச் செய்து காட்டினர். 2017 இரசாயன நோபல் பரிசில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது.

நைதரசன் கையாண்டு பழகியவர் எதேனில் புதிதாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. அது எரியக்கூடியது, தோலில் பட்டால் நைதரசனைப் போல உருண்டு விழாமல் ஒட்டிக்கொண்டு சுடும். நைதரசனுக்குள் கிண்ணத்தை அதிக நேரம் வைத்தால் எதேனே உறைந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் கட்டியில் மோதினால், மாதிரியைத் தாங்கும் கிரிட் என்ற வலைத்தகடு வளைந்துபோகும். 37 பங்கு எதேனும் 63 பங்கு புரப்பேனும் கலந்தால் நைதரசன் வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும் என்பதால் சிலர் அந்தக் கலவையைப் பாவிக்கிறார்கள்.

ஆய்வுகூட உதவியாளர், சம்மாந்துறை: மாதிரி தயாரிப்பில் எந்த இடத்தில் பிழைக்கும்? அளவுகளோடு சொல்லுங்கள்.

பிரிவலு கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம். மாதிரியைத் தாங்கும் கிரிட் 3.05 மில்லிமீற்றர் விட்டமுள்ள வலைத்தகடு. அதன்மேல் துளையிட்ட காபன் படலம். கலம் வளர்ப்பதென்றால் தங்கக் கிரிட்தான் வேண்டும், செப்பு கலத்துக்கு நஞ்சு. கிரிட்டை மின்னிறக்கத்தில் வைத்து நீர் பரவும்படி செய்தபின் 3 அல்லது 4 மைக்குரோலீற்றர் மாதிரி இடவேண்டும். அதோடு 10 நனோமீற்றர் தங்க மணிகளும் கலக்க வேண்டும். பின்னால் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு அடையாளம் அவைதான். ஒரு காட்சிப்புலத்தில் எட்டுப் பத்து மணி பரவலாகக் கிடந்தால் நல்லது. இரண்டு மூன்றுதான் இருந்தால் பொருத்தம் ஆடும். அள்ளிக் கொட்டினால் ஒவ்வொரு மணியிலிருந்தும் வரும் கோடுகள் புரதத்தின்மேல் விழும்.

ஈரப்பதன் 95 வீதத்துக்கு மேலுள்ள அறைக்குள் வடிதாளால் மூன்று முதல் ஆறு விநாடி ஒற்றிவிட்டு எதேனுக்குள் விழுத்துவார்கள். கலங்கள் இருந்தால் முன்பக்கத்தில் தாள் படவே கூடாது, பின்பக்கம் மட்டும் ஒற்ற வேண்டும். ஒற்றுவது குறைந்தால் படலம் தடித்து இலத்திரன் ஊடுருவாது, சதுரம் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். கூடினால் நீர் வற்றி உப்புச் செறிவு ஏறும். பனி சரியாக வந்ததா என்று பார்க்க விளிம்புவிலகல் படமொன்று எடுத்தால் போதும். 3.7 ஆங்ஸ்ட்ரோம் அளவில் மங்கலான அகன்ற வளையம் வந்தால் கண்ணாடிப் பனி. கூரான புள்ளிகள் வந்தால் பளிங்கு, கிரிட்டை வீசிவிடலாம். ஒருமுறை கண்ணாடியான பனியும் ஏறத்தாழ −135 பாகைக்கு மேல் சூடேறினால் பளிங்காகிவிடும். நுணுக்குக்காட்டிக்குள் ஏற்றும்வரை இடுக்கியின் நுனியைக்கூட முன்கூட்டியே நைதரசனில் குளிரவைப்பது இதற்காகத்தான்.

எங்கள் கரையோரக் காற்றில் இந்த வேலை இரட்டிப்புச் சிரமம். குளிர்ந்த கிரிட் காற்றுப் பட்டால் போதும், ஈரப்பதன் பூம்பனியாக அதன்மேல் படியும். படத்தில் அது வட்ட வட்டமான கரும்புள்ளிகளாகத் தெரியும். கிரிட்டை இடம்மாற்றும் அறையில் ஈரப்பதனை 20 வீதமளவுக்கு இறக்கி வைப்பது வழக்கம். நைதரசன் பாத்திரத்தை மூடியில்லாமல் வைத்தால் அதில் விழுந்த பனித்துகள்கள் கிரிட்டில் வந்து ஒட்டும். அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அந்த நைதரசனை ஊற்றிவிட்டுப் புதிது எடுப்பதே மலிவு.

இனித் தடிப்பு. நல்ல பிரிவலு வேண்டுமென்றால் 200 நனோமீற்றரைத் தாண்டக்கூடாது. சிறிய பற்றீரியாவும் வைரசும் தப்பிவிடும். மனிதக் கலம் பல மைக்குரோமீற்றர் தடிப்பானது, அதைச் செதுக்கித்தான் ஆகவேண்டும். முதலில் பிளாற்றினச் சேர்வை ஒன்றைப் பூசிக் காப்பிட்டு, 30 கிலோவோல்ற்று கல்லியம் அயன் கற்றையால் மேலும் கீழும் சீவி நடுவில் 100 முதல் 200 நனோமீற்றர் தடிப்பான தகடொன்றை மட்டும் விடுவார்கள். ஆரம்பத்தில் நனோஅம்பியர் அளவுக் கற்றை, கடைசி மெருகில் 50 பிக்கோஅம்பியர் அல்லது அதற்கும் குறைவு. தகடுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனால் முதல் தகட்டில் பனி படிந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் கரடுமுரடாக வெட்டி வைத்துவிட்டு இறுதி மெருகை ஒரே மூச்சில் கடைசியில் செய்ய வேண்டும். கல்லியம் தகட்டின் இரு முகங்களையும் சில பத்து நனோமீற்றர் ஆழத்துக்குச் சேதப்படுத்துவதுண்டு. மேற்பரப்புக்கு அண்மையில் கிடக்கும் புரதங்களைச் சராசரியிலிருந்து ஒதுக்குவது புத்திசாலித்தனம். இறுதியில் உடைந்த தகடுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள், பழகிய கைக்கும் சில உடையும்.

பௌதிகவியல் ஆசிரியை, கல்லடி: சி.ரி. ஸ்கானில் நோயாளியைச் சுற்றி முழுவட்டமும் படமெடுக்கிறார்கள். இங்கே ஏன் ±60 பாகையோடு நிறுத்துகிறார்கள்?

தட்டையான மாதிரியைச் சாய்க்கச் சாய்க்க இலத்திரன் கடக்க வேண்டிய பாதை நீளும். பாதை நீளம், தடிப்பைச் சாய்வின் கோசைனால் வகுப்பது. 60 பாகையில் இரண்டு மடங்கு, 70இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்குமேல் கிரிட்டின் கம்பியும் தாங்கியும் மறைக்கத் தொடங்கும். எடுக்காமல் விட்ட கோணங்களின் தகவல், படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் வெளியில் ஓர் ஆப்பு வடிவ வெற்றிடமாக நிற்கும். உருண்டையான பொருள் கற்றையின் திசையில் நீண்டு தெரிவதும், கிடையாகப் படுத்திருக்கும் மென்சவ்வு காணாமற்போவதும் அதனால்தான். புரதத்தின் பிரதிகள் எல்லாத் திசைகளையும் நோக்கிக் கிடந்தால் சராசரியில் இந்த வெற்றிடம் நிரம்பிவிடும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தால் நிரம்பாது.

கோணத்தைவிடப் பெரிய தடை கதிரின் சேதம். வழக்கமான திட்டம் 3 பாகைக்கு ஒரு படம், மொத்தம் 41 படம். சதுர ஆங்ஸ்ட்ரோமுக்குப் படமொன்றில் 3 இலத்திரன் என்று வைத்தால் முடிவில் 123. இந்த அளவு விழும்போது புரதத்தின் நுண்விவரம் அழிந்தே போயிருக்கும். ஆகவே முதல் படங்கள்தான் தங்கம். −60இல் தொடங்கி +60 வரை ஒரே பக்கமாகப் போனால் அந்த முதல் படங்களை மிக மோசமான கோணத்தில் செலவழித்துவிடுவோம். 2017இல் ஹேகன், வான், பிரிக்ஸ் ஆகியோர் முன்வைத்த திட்டம் 0, +3, −3, −6, +6, +9 என்று இரு பக்கமும் மாறிமாறிப் போகும். மெல்லியதாகத் தெரியும் கோணங்களுக்கு இன்னும் சேதமடையாத மாதிரி கிடைக்கிறது. இன்று உயர் பிரிவலு நாடுபவர் எவரும் இதையோ இதன் மாற்று வடிவங்களையோதான் எடுக்கிறார்கள்.

உங்கள் மாணவருக்குக் கொடுக்க ஒரு கணக்கு: காட்சிப்புலத்தின் அகலம் 500 நனோமீற்றர், சாய்வு 60 பாகை. ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் உயர வித்தியாசம் 500 × tan 60, அதாவது ஏறத்தாழ 870 நனோமீற்றர். ஒரே படத்துக்குள் குவியம் இவ்வளவு மாறுகிறது. இடத்துக்கிடம் இதைத் திருத்தாமல் 4 ஆங்ஸ்ட்ரோமுக்குக் கீழே போக முடியாது.

கணினித்துறை இளைஞர், கல்முனை: நுணுக்குக்காட்டி இல்லாமல் இதைப் பழக முடியுமா? 8 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் அட்டை ஒன்று இருக்கிறது.

தாராளமாகப் பழகலாம். மூலப் படங்கள் எம்பயர் என்ற பொதுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 10164 என்ற இலக்கத்தில் தொடங்குங்கள். நோய் பரப்பாத, எச்.ஐ.வி.யின் காக் என்ற கட்டமைப்புப் புரதத்தால் ஆன உருண்டைகள் அவை. 2016இல் 3.9 ஆங்ஸ்ட்ரோம் கிடைத்தது. பின்னர் வந்த மென்பொருள்கள் இதே படங்களிலிருந்து சுமார் 3 வரை எடுத்திருக்கின்றன. ரிலையன் மென்பொருளின் பயிற்சிக் கையேடு இதிலிருந்து 1, 3, 43, 45, 54 ஆகிய ஐந்து சாய்வுத் தொடர்களை (ஓரிடத்தைப் பல கோணங்களில் எடுத்த படக் கோவைகளை) மட்டுமே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வேண்டும், ஒரு ரெராபைட் இடம் ஒதுக்குங்கள்.

நினைவகக் கணக்கை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். உணரியில் 3,838 × 3,710 பிக்சல், பிக்சலொன்று 1.35 ஆங்ஸ்ட்ரோம். ஆழம் 2,000 என்று வைத்து முழு அளவில் டொமோகிராம் கட்டினால் 114 ஜிபி. எட்டுக்கு ஒன்றாகச் சுருக்கினால் 512 மடங்கு குறைந்து கால் ஜிபிக்குள் அடங்கும். கண்ணால் பார்க்கவும் இடம் குறிக்கவும் அதுவே போதும். முழு அளவில் டொமோகிராம் கட்டத் தேவையே இல்லை, துகள்களை, அதாவது புரதத்தின் பிரதிகளை, நேரே மூலப் படங்களிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.

வேலை இப்படிப் போகும். படமெடுக்கும்போது நேர்ந்த அசைவைத் திருத்தி, ஒவ்வொரு சாய்வுக்கும் குவியவிலகலைக் கணிக்க வேண்டும். பிறகு 41 படங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, கம்பி மறைத்ததையும் துள்ளியதையும் நீக்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கெட்ட படம் ஒன்று உள்ளே போனால் தொடர் முழுவதன் பொருத்தத்தையும் இழுத்துவிடும். அடுத்தது தங்க மணிகளை வைத்துப் பொருத்துவது. ஐமொட் என்ற மென்பொருள் இதற்கு நம்பகமானது. எஞ்சும் பிழை ஒரு பிக்சலுக்குள் வரவேண்டும். எந்த மணி தடம் மாறித் தாவுகிறது என்று பார்த்துத் திருத்தாமல் தானியங்கி சொன்னதை அப்படியே ஏற்பதுதான் புதியவர் எல்லோரும் விடும் பிழை.

சராசரியைப் படிப்படியாகச் செய்யுங்கள். நான்குக்கு ஒன்றாகச் சுருக்கிய படத்தில் பிக்சல் 5.4 ஆங்ஸ்ட்ரோம், அதில் கிடைக்கக்கூடிய உச்சப் பிரிவலு அதன் இரட்டிப்பு, 10.8. அந்த எல்லையைத் தொட்டபிறகு இரண்டுக்கு ஒன்று, பின்னர் முழு அளவு. எட்டு ஜிபி அட்டை முதலிரு கட்டங்களையும் தாங்கும். முழு அளவில் நினைவகம் போதவில்லை என்று நின்றால் துகள் பெட்டியை ஒட்ட வெட்டிப் பாருங்கள். கடைசியில் துகள்களையே அடையாளமாக வைத்துச் சாய்வுத் தொடரின் பொருத்தத்தையும் குவியத்தையும் மீண்டும் நுணுக்க வேண்டும். ரிலையனிலும் எம் என்ற மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. 4இலிருந்து 3ஐ நோக்கி நகர்த்துவது இந்தக் கடைசிச் சுற்றுத்தான்.

கிடைத்த வடிவம் ஆடி விம்பமா என்பதையும் பாருங்கள். சாய்வச்சின் குறி மாறினால் எல்லாமே தலைகீழ்க் கையாக வரும். 10 ஆங்ஸ்ட்ரோமில் அது தெரியாது. 6இற்குக் கீழே அல்ஃபா சுருள் இடப்பக்கம் முறுக்கினால் உங்கள் குறிதான் பிழை.

பட்டதாரி மாணவர், ஒலுவில்: கட்டுரையில் போடும் பிரிவலு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். துகள்களை இரு பாதியாகப் பிரித்து, கடைசிவரை தனித்தனியே சராசரி எடுத்து, இரண்டும் எந்த அளவு நுணுக்கம்வரை ஒத்துப்போகின்றன என்று கணிப்பார்கள். ஒப்புமை 0.143க்கு இறங்கும் இடமே அறிவிக்கப்படும் பிரிவலு. இந்த எண் வீங்க வழிகள் பல. மேலே சொன்ன எச்.ஐ.வி. உருண்டை போன்றதொன்றின் மேற்பரப்பில் புரதங்களைத் தேட நெருக்கமாகப் புள்ளி குறிக்கும்போது, இரண்டு குறி நகர்ந்து ஒரே புரதத்தில் வந்து விழுவதுண்டு. ஒன்று இப்பாதியிலும் மற்றது அப்பாதியிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரட்டைகளை நீக்கினார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். புரதத்தைச் சுற்றியுள்ளதை மறைக்கப் போடும் மாஸ்க் மிக இறுக்கமாக இருப்பது இன்னொரு வழி.

தெரிந்த வடிவமொன்றை வார்ப்பாக வைத்து டொமோகிராமில் புரதத்தைத் தேடுவதிலும் ஆபத்து உண்டு. வெறும் இரைச்சல் படங்களை ஐன்ஸ்டீனின் புகைப்படத்தோடு பொருத்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே தோன்றும் என்று ரிச்சர்ட் ஹென்டர்சன் 2013இல் எச்சரித்தார். வார்ப்பை 30, 40 ஆங்ஸ்ட்ரோமுக்கு மங்கலாக்கிவிட்டுத் தேட வேண்டும். வார்ப்பில் இல்லாத விவரம் சராசரியில் முளைத்தால்தான் அது மாதிரியிலிருந்து வந்தது. 3.5 என்று எழுதிவிட்டுப் பக்கச் சங்கிலி ஒன்றையும் காட்டாத படத்தை நம்பவேண்டாம்.

உயர்தர மாணவன், அக்கரைப்பற்று: அல்ஃபாஃபோல்ட் வந்தபிறகும் இதெல்லாம் தேவையா?

கூடுதலாகத் தேவைப்படுகிறது. அல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புரதத்தின் மடிப்பையும், புதிய பதிப்புகளில் புரதக் கூட்டுகளின் வடிவத்தையும் கணித்துச் சொல்லும். ஆனால் கலத்துக்குள் அந்தப் புரதம் உண்மையில் யாரோடு, எந்த நிலையில், எத்தனை பிரதிகளாக நிற்கிறது என்பதை அதனால் காட்ட முடியாது. மனிதக் கருவுறைத் துளையில் சுமார் 30 வகைப் புரதங்களின் ஆயிரமளவான பிரதிகள் உள்ளன. 2022இல் டொமோகிராபி தந்த உருவத்துக்குள் அல்ஃபாஃபோல்ட் தந்த வடிவங்களைப் பொருத்தித்தான் அதன் பெரும்பகுதியைக் கட்டினார்கள்.

வாசகர், ஏறாவூர்: டெங்கு வைரசை இந்த முறையில் பார்த்திருக்கிறார்களா?

டெங்கு வைரசின் வடிவம் தனித்துகள் முறையில் வந்தது. 2002இல் 24 ஆங்ஸ்ட்ரோம், 2013இல் 3.5. சுமார் 50 நனோமீற்றர் விட்டமுள்ள கோளத்தில் உறைப்புரதம் 180 பிரதிகளாக ஒழுங்காக அடுக்கியிருப்பதால் டொமோகிராபி அங்கே தேவைப்படவில்லை. கொரோனா வைரசில் கதை வேறு. முட்கள் எண்ணிக்கையிலும் சாய்விலும் வைரசுக்கு வைரசு மாறுபடும். 2020இல் டொமோகிராபிதான் அந்த முள்ளின் தண்டில் மூன்று மூட்டுகள் இருப்பதைக் காட்டியது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். டெங்குவில் டொமோகிராபிக்கு வேலை இருப்பது தொற்றிய கலத்துக்குள், அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வை வளைத்து வைரசு தன்னைப் பிரதியெடுக்கும் அறைகளில்.